குதிரையே ஏமாந்த குதிரை: ஜார்ஜ் ஸ்டப்ஸின் பட்டறைக்குள் ஒரு ரவுண்டு

கைக்குட்டை இருக்கிறதா? இல்லையென்றால் துப்பட்டாவோ துண்டோ, எது கையில் சிக்குகிறதோ அதால் மூக்கைப் பொத்திக்கொள்ளுங்கள். நாம் எட்டிப் பார்க்கப்போகிற இடம் அப்படி!

வருடம் 1757. இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் ஹார்க்ஸ்டோ என்றொரு சின்னக் கிராமம். ஆள் அரவமில்லாத ஒரு பண்ணை வீடு. கதவைத் தள்ளினால், அம்மாடி! அறைக்குள் ஒரு முழுக் குதிரை நிற்கிறது. உயிர் இல்லை, ஆனாலும் நிற்கிறது. கூரையிலிருந்து ஓர் இரும்புக் கம்பி தொங்குகிறது. கம்பியில் சின்னதும் பெரியதுமாகக் கொக்கிகள். அவை குதிரையின் விலா எலும்பு இடுக்குகளில் நுழைந்து முதுகெலும்பைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. குளம்புகளுக்கு அடியில் 18 அங்குல அகலத்தில் ஒரு பலகை. அதன்மேல் நான்கு கால்களையும் ஊன்றவைத்து, ஏதோ இப்போதுதான் லாயத்திலிருந்து நடந்து வந்த தோரணையில் நிறுத்தியிருக்கிறார்கள். கொக்கி குத்தியிருப்பது அந்தப் பக்கம். இந்தப் பக்கம் முழுக்க வரைவதற்கு!

பக்கத்தில் கத்தியும் பென்சிலுமாக, முப்பதுகளில் இருக்கும் ஒரு திடகாத்திரமான மனிதர். அவர்தான் ஜார்ஜ் ஸ்டப்ஸ். குதிரையின் கழுத்து ரத்தக்குழாயைத் திறந்து ரத்தம் முழுவதையும் வடித்துவிடுவார். பிறகு, குழாய்கள் சுருங்கிப்போகாமல் இருக்க உருக்கிய கொழுப்பை உள்ளே ஏற்றுவார். அப்புறம் ஆரம்பிக்கும் வேலை. வயிற்றுத் தசைகளில் தொடங்கித் தோலை உரி. முதல் அடுக்குத் தசையைப் பார். அள. வரை. குறிப்பு எழுது. அந்த அடுக்கை எடுத்துவிட்டு அடுத்த அடுக்குக்குப் போ. அதையும் அள, வரை, எழுது. இப்படியே போய்ப் போய்க் கடைசியில் எலும்பு.

ஒரு குதிரை எத்தனை நாள் தாங்கும் என்கிறீர்கள்? ஒன்றை 11 வாரம் வரைக்கும் வைத்து வேலை பார்த்திருக்கிறார் மனுஷன்! ஃபார்மலின் என்ற சமாசாரம் வர இன்னும் நூறு வருடத்துக்கு மேல் இருக்கிறது. ஃபிரிட்ஜ் கிடையாது. இருப்பதெல்லாம் கொக்கி, கத்தி, பென்சில், அசாத்தியமான மூக்கு. இப்படி ஒன்று முடிந்ததும் அடுத்த குதிரை என்று சுமார் 18 மாதம். இந்தக் களேபரம் முழுவதிலும் கூடவே இருந்தவர் அவருடைய துணைவி மேரி ஸ்பென்சர். அந்தப் பெண்மணிக்கு ஒரு சிலையே வைக்கலாம்!

வாத்தியாரோடு சண்டை

இப்படி ஒரு கிறுக்கு எங்கிருந்து வந்தது? கொஞ்சம் பின்னால் போகலாம்.

1724-ல் லிவர்பூலில் பிறந்தவர். அப்பாவுக்குத் தோல் பதனிடும் தொழில். அதனால் செத்த மிருகத்தின் தோலும் வாடையும் பையனுக்குப் பிறந்ததிலிருந்தே பழக்கம். எட்டு வயதில் அக்கம்பக்கத்து டாக்டர் ஒருவர் எலும்புகளை இரவல் கொடுக்க, பையன் அதை வைத்துக்கொண்டு வரைய ஆரம்பித்துவிட்டான். மற்ற பிள்ளைகள் பம்பரம் கேட்கிற வயதில் இவன் தொடையெலும்பு கேட்டிருக்கிறான்!

அப்பா போன பிறகு, ஹாம்லெட் வின்ஸ்டான்லி என்ற ஓவியரிடம் வேலை கற்கப் போனார். நோஸ்லி ஹால் மாளிகையில் தொங்கும் பெரிய பெரிய ஓவியங்களைப் பார்த்துப் பிரதி எடுக்க வேண்டும். அந்தக் காலத்தில் ஓவியம் கற்பதென்றாலே அதுதான். வந்த வேகத்தில் சண்டை! எந்தப் படத்தைப் பிரதி எடுப்பது என்பதில் குருவுக்கும் சிஷ்யனுக்கும் ஒத்துவரவில்லை. சில வாரங்களிலேயே பையன் மூட்டையைக் கட்டிவிட்டான். இனிமேல் இன்னொருவர் வரைந்ததைப் பார்த்து வரைவதில்லை, இயற்கையைப் பார்த்தே வரைவது என்று முடிவு. அதோடு ஓவிய வாத்தியார் சகவாசம் முடிந்தது. வாழ்நாளில் அவர் வாங்கிய முறையான ஓவியப் பயிற்சி அந்தச் சில வாரங்கள்தான்.

பிறகு யார்க் நகரம். அங்கே ஆஸ்பத்திரியில் சார்ல்ஸ் அட்கின்சன் என்ற சர்ஜனிடம் மனித உடற்கூறு கற்கிறார். கற்றதோடு நிற்கவில்லை, மருத்துவ மாணவர்களுக்கே பாடமும் எடுக்கிறார்! அப்போது ஜான் பர்ட்டன் என்ற டாக்டர், தன்னுடைய பிரசவ மருத்துவப் புத்தகத்துக்குப் படம் வரைந்து, செம்புத் தகட்டில் செதுக்கியும் தரச் சொன்னார். ஸ்டப்ஸுக்குச் செதுக்கத் தெரியாது. தெரியாது என்று சொன்னாரா? ம்ஹும்! வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிற ஒருவரிடம் போய் அடிப்படையைத் தெரிந்துகொண்டார். ஒரு அரை பென்னி காசின்மேல் மெழுகு வார்னிஷ் பூசினார். தையல் ஊசியை ஒரு குச்சி நுனியில் செருகினார். அதுதான் அவருடைய முதல் செதுக்குக் கருவி. காசில் கீறிப் பழகி, தகட்டுக்குப் போய், 1751-ல் புத்தகமும் வந்துவிட்டது.

1754-ல் ரோமுக்கும் போய்வந்தார். அந்தக் கால ஐரோப்பிய ஓவியனுக்கு ரோம் என்பது காசிக்குச் சமம். கிரேக்க ரோமானியச் சிலைகளைப் பார்த்துப் பார்த்து நகல் எடுக்காமல் யாரும் ஊர் திரும்ப மாட்டார்கள். நம் ஆள் போனதோ வேறு காரணத்துக்கு. கலையைவிட இயற்கைதான் மேல் என்ற தன் எண்ணம் சரியா என்று ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு வரத்தான்! சரிதான் என்று தெரிந்ததும் அடுத்த வண்டி.

ரோமிலிருந்து திரும்பிய இரண்டு வருடத்தில் ஹார்க்ஸ்டோ. இப்போது அந்தக் கொக்கிகளுக்கு அர்த்தம் புரிகிறதா? ஊரில் உள்ள குதிரை ஓவியர்கள் எல்லாரும் முன்னால் இருந்த குதிரை ஓவியர்களைப் பார்த்து வரைந்தார்கள். இவர் ஒருவர்தான் நேராகக் குதிரையிடமே போனார். அதுவும் உள்ளே வரைக்கும் போனார்.

எட்டு வருடச் சங்கடம்

கட்டுக்கட்டாகக் கோட்டோவியங்களைத் தூக்கிக்கொண்டு லண்டனுக்கு வந்தார் ஸ்டப்ஸ். செதுக்கித் தர ஆள் வேண்டும். லண்டனின் பெரிய செதுக்கர்களிடம் போனால், யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. குதிரையின் தனித்தனிக் குருத்தெலும்பையும் தசைநாரையும் யார் உட்கார்ந்து செதுக்கிக்கொண்டிருப்பது?

சரி, நானே செய்கிறேன்! பகலில் பணம் தரும் படங்கள். அதற்கு முன்னால் விடியற்காலையும், பின்னால் ராத்திரியும் செம்புத் தகடு. 1766-ல் 'குதிரையின் உடற்கூறு' வெளியானது. மொத்தம் 18 தகடுகள். முதல் மூன்றில் எலும்புக்கூடு: பக்கவாட்டில், முன்னாலிருந்து, பின்னாலிருந்து. மீதிப் பதினைந்தில் அதே மூன்று கோணங்களில், தசைகள் ஐந்து கட்டமாக உரிகின்றன. அவற்றை வரிசையாகப் புரட்டினால் குதிரை உங்கள் கண்ணெதிரில் தோலைக் கழற்றி, சதையைக் கழற்றி, எலும்பாகிவிடும்! அப்படி நிற்கும்போதும் அது பிணமாகத் தெரிவதில்லை என்பதுதான் வேடிக்கை. தோலில்லாத குதிரை, நடக்கப்போகிற குதிரையாகவே நிற்கிறது. கால்நடை மருத்துவர்களும் கொண்டாடினார்கள், ஓவியர்களும் கொண்டாடினார்கள்.

விசில்ஜாக்கெட்டுக்கு வந்த கோபம்

இனி மூக்கை விட்டுவிடலாம். நல்ல காற்று வீசும் இடத்துக்கு வந்துவிட்டோம். யார்க்ஷயரில் ராக்கிங்ஹாம் பிரபுவின் வென்ட்வர்த் உட்ஹவுஸ் மாளிகை, 1762 வாக்கில். பிரபுவிடம் விசில்ஜாக்கெட் என்றொரு ரேஸ் குதிரை. செம்பழுப்பு உடம்பு, வெளுத்த பிடரி, முன்கோபம்!

ஸ்டப்ஸ் அதை அசல் அளவிலேயே வரைந்தார். ஓவியத்தின் உயரம் சுமார் 292 சென்டிமீட்டர், அகலம் 246. பின்னங்கால்களில் எழும்பி, தலையைத் திருப்பி, ஒற்றைக் கண்ணால் நம்மைப் பார்க்கிற குதிரை. பின்னால் என்ன இருக்கிறது? ஒன்றுமே இல்லை! மரம் இல்லை, மலை இல்லை, வானம் இல்லை, கடிவாளம் பிடிக்க ஆள் இல்லை. வெறும் வெளிர் மஞ்சள்.

கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். முதலில் குளம்பு. பின்னங்குளம்புகளுக்குப் பக்கத்தில் மட்டும் சின்னதாக இரண்டு நிழல். அவ்வளவுதான் பூமி! அந்த இரண்டு தீற்றலை விரலால் மறைத்துக்கொண்டால் குதிரை அந்தரத்தில் தொங்கும். எடுத்தால் தரை இறங்கும். இப்போது வயிற்றுக்குப் போங்கள். தோலுக்கு அடியில் நரம்பு புடைத்து ஓடுகிறது. தொடைக்கும் வயிற்றுக்கும் இடையில் தோல் மடிகிறது. அந்தப் பளபளப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. எலும்பு தட்டும் இடத்தில் வெளிச்சம் சுள்ளென்று விழுகிறது, சதை திரண்ட இடத்தில் மெத்தென்று விழுகிறது. இதைத் தோலைப் பார்த்து மட்டும் வரைய முடியாது. அடியில் எது இருக்கிறது என்று கை அறிந்தவர்தான் இப்படி வெளிச்சத்தை இறக்க முடியும். ஹார்க்ஸ்டோவின் நாற்றமெல்லாம் இங்கே மினுமினுப்பாகிவிட்டது!

இப்போது கிளைமாக்ஸ். படம் முடிகிற தறுவாயில் அதை லாயத்தின் சுவரில் சாய்த்து வெயிலில் பார்த்துக்கொண்டிருந்தார் ஸ்டப்ஸ். விசில்ஜாக்கெட்டை ஒரு பையன் முன்னும் பின்னும் நடத்திக்கொண்டிருந்தான். திடீரென்று குதிரையின் கண்ணில் படம் பட்டது. அட, நம் இடத்தில் இன்னொரு ஆண் குதிரையா! முறைத்தது, எழும்பியது, படத்தின்மேல் பாயப்போனது. கடிவாளத்தைப் பிடித்திருந்த பையனைத் தரையிலிருந்தே தூக்கிவிட்டது. ஸ்டப்ஸ் என்ன செய்தார்? வண்ணத்தட்டையும், கை நடுங்காமல் ஊன்றிக்கொள்ளும் கோலையும் வைத்தே விரட்டி அடித்துப் படத்தைக் காப்பாற்றினார்! ஸ்டப்ஸ் சொல்லச் சொல்ல, நண்பர் ஒசையாஸ் ஹம்ஃப்ரி எழுதிவைத்த கதை இது. இதைவிட நல்ல விமர்சனத்தை எந்தக் கலை விமர்சகரால் எழுத முடியும், சொல்லுங்கள்!

1997-ல் லண்டன் நேஷனல் கேலரி இந்த ஓவியத்தை 1.1 கோடி பவுண்டுக்கு வாங்கியது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நியூமார்க்கெட் மைதானத்தில் கிம்கிராக் என்ற பந்தயக் குதிரையை அவர் வரைந்த 1765-ஆம் ஆண்டு ஓவியம், 2011 ஏலத்தில் 2.24 கோடி பவுண்டுக்குப் போனது. குதிரை ஓவியன் என்று தன்னைக் கொஞ்சம் இளப்பமாகவே பேசிய கலையுலகத்தின்மேல் ஆயுள் முழுக்கக் குறைப்பட்டுக்கொண்டிருந்த மனிதருக்கு, இந்த விலையைக் கேட்க உயிரில்லாமல் போயிற்றே!

தரையில் நகர்ந்த பிரஷ்

பயந்த குதிரையை எப்படி வரைவது? சிங்கம் பாயும் குதிரை, சிங்கத்தைக் கண்டு மிரளும் குதிரை என்று இந்தக் காட்சியை ஸ்டப்ஸ் முப்பது வருடத்துக்கு மேல் திரும்பத் திரும்ப வரைந்திருக்கிறார். ரோமில் பார்த்த பழைய சிலை ஒன்று மனதில் உட்கார்ந்திருக்கலாம் என்பார்கள். ஆனாலும் சிலையைப் பார்த்தே வரைந்தால் அவர் ஸ்டப்ஸ் இல்லையே!

சிங்கத்துக்கு ஹவுன்ஸ்லோ ஹீத்தில் இருந்த ஷெல்பர்ன் பிரபுவின் வீடு. பிரபு ஒரு சிங்கத்தைக் கூண்டில் வைத்திருந்தார். ஸ்டப்ஸ் கூண்டின் பக்கத்திலேயே கிடந்து, அது படுப்பதையும் எழுவதையும் பதுங்குவதையும் வரைந்து தள்ளினார்.

குதிரைக்கு அரண்மனை லாயம். அரசரின் வெள்ளைக் குதிரை ஒன்றுக்கு அனுமதி வாங்கியாயிற்று. அரசரின் குதிரைக்கு முன்னால் சிங்கத்தைக் கொண்டு நிறுத்த முடியுமா? தலை போய்விடும்! என்ன செய்தார்கள் தெரியுமா? துடைக்கிற பிரஷ் ஒன்றைத் தரையோடு தரையாக குதிரையை நோக்கி நகர்த்தினார்கள். அவ்வளவுதான். குதிரை காதைப் பின்னால் தள்ளி, மூக்கு விடைத்து, கண் பிதுங்கி, நான்கு காலும் விறைத்து நிற்கும். ஸ்டப்ஸ் மளமளவென்று வரைவார். குதிரை சமாதானமானதும் மறுபடியும் பிரஷ்! நாம் மெய்சிலிர்த்துப் பார்க்கிற அந்த மரண பயத்தின் மறுமுனையில் இருந்தது ஒரு லாயத்து பிரஷ்.

மெட்ராஸிலிருந்து போன விருந்தாளி

ஸ்டப்ஸின் பெயர் பரவியதும், இங்கிலாந்துக்குக் கப்பலில் வந்து இறங்கும் விநோத மிருகமெல்லாம் நேராக அவர் முன்னால்தான் வந்து நின்றது. 1762-ல் அரசி சார்லட்டுக்கு ஆப்பிரிக்காவின் தென்முனையிலிருந்து ஒரு வரிக்குதிரை வந்தது. லண்டனே திரண்டு போய் வேடிக்கை பார்த்தது. 1763-ல் ஸ்டப்ஸ் அதை வரைந்தார். சுற்றிலும் பச்சைப் பசேலென்று ஓர் ஆங்கிலேயக் காடு, நடுவில் வரிக்குதிரை. அது அங்கே எப்படி வந்தது என்று அதற்கே தெரியாத முகபாவம்! சுற்றுப்புறம்தான் பொருந்தவில்லையே தவிர, மிருகத்தில் குற்றம் சொல்ல முடியாது. இடுப்புக்குமேல் நெருக்கமாகப் பின்னிய குறுக்குக் கோடுகள், கழுத்தின் அடியில் தொங்கும் சின்னத் தோல்மடிப்பு, வெள்ளை வயிறு. அதை வைத்தே இது கேப் மலை வரிக்குதிரை என்று இன்றைய விலங்கியலாளர் இனம் சொல்லிவிடுவார்.

அடுத்து வந்தது நம் ஊர் ஆள்! மெட்ராஸ் கோட்டையில் கவர்னராக இருந்த ஜார்ஜ் பிகட் ஊர் திரும்பும்போது, அரசர் மூன்றாம் ஜார்ஜுக்குப் பரிசாக ஒரு சிவிங்கிப்புலியைக் கொண்டுபோனார். கூடவே அதைப் பழக்கிப் பார்த்துக்கொள்ள இரண்டு இந்தியர்கள். இது எப்படி வேட்டையாடுகிறது என்று பார்க்க, 1764 ஜூனில் விண்ட்சர் பூங்காவில் வலை கட்டி, உள்ளே ஒரு கலைமானை விட்டார்கள். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. சிவிங்கிப்புலி போகிறது. கலைமான் கொம்பை ஆட்டி விரட்டிவிட்டது! சிவிங்கிப்புலி வலையைத் தாண்டி ஓடி, வேறு ஏதோ ஒரு சின்ன மானைப் பிடித்துக்கொண்டது. அரசாங்க வேட்டை அம்போ!

பிகட் கேட்டு ஸ்டப்ஸ் வரைந்த ஓவியத்தில் இந்த அசடு வழிதல் எதுவும் கிடையாது. அதற்கு ஒரு நொடி முன்னால் நிற்கிறது படம். சிவிங்கிப்புலியின் தலையில் சிவப்பு முக்காடு, இப்போதுதான் கண்ணைவிட்டு மேலே தள்ளியிருக்கிறது. வெள்ளை அங்கியும் தலைப்பாகையும் அணிந்த ஒருவர் அதன் இடுப்பைத் துணியால் வளைத்துப் பிடித்திருக்கிறார். இன்னொருவர் கையை நீட்டி மானைக் காட்டுகிறார். எனக்குப் பிடித்த இடம் அந்த இருவரின் முகம். ஏதோ இந்தியர் இருவர் என்று பொத்தாம்பொதுவாக வரையவில்லை. ஒருவர் முகத்தில் கவனம், இன்னொருவர் முகத்தில் மிருகத்தோடு பழகிய நிதானம். குதிரையைத் தேய்த்துவிடும் லாயப் பையன்களையும் ஸ்டப்ஸ் இப்படித்தான் வரைவார். மிருகத்தைப் பார்க்கிற கண்தான் அதைப் பார்த்துக்கொள்கிறவரையும் பார்க்கிறது. அந்த ஓவியம் இப்போது மான்செஸ்டர் கலைக்கூடத்தில் இருக்கிறது. அந்த ஊர்ப்பக்கம் போனால் நம் மெட்ராஸ்காரரை விசாரித்துவிட்டு வாருங்கள்!

டாக்டர்கள் கொடுத்த வேலை

வில்லியம் ஹன்டர், ஜான் ஹன்டர் என்று இரண்டு அண்ணன் தம்பி, இருவரும் லண்டனின் பெரிய உடற்கூறு மேதைகள். அவர்களுக்கு ஓர் ஓவியர் வேண்டும். அழகாக வரைகிறவர் வேண்டாம், இருப்பதை வரைகிறவர் வேண்டும். வேறு யாரைக் கூப்பிடுவார்கள்?

1769-ல் நீலகாய் மானை வரைந்தார். அதை வைத்து வில்லியம் ஹன்டர் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரை 1771-ல் வந்தது. 1770-ல் ரிச்மண்ட் பிரபுவுக்குக் கனடாவிலிருந்து வந்த மூஸ் மான். ஹன்டருக்கு ஒரு சந்தேகம்: அயர்லாந்தில் தோண்டி எடுத்த பிரம்மாண்டக் கொம்புகளுக்குச் சொந்தக்கார மிருகம் இதுதானா, அல்லது அது பூண்டோடு அழிந்துபோன வேறொன்றா? அழிந்துபோவது என்பதையே பலர் நம்பாத காலம் அது! வந்திருந்த மூஸ் இளசு, கொம்பு முழுசாக வளரவில்லை. அதனால் படத்தில் அதன் காலடியில் முதிர்ந்த மூஸின் கொம்பு ஒன்றையும் போட்டு வரைந்து கொடுத்தார் ஸ்டப்ஸ். ஓவியமே அறிவியல் சாட்சி!

தம்பி ஜான் ஹன்டருக்காக 1790 வாக்கில் காண்டாமிருகம். 1515-ல் ட்யூரர் என்ற ஜெர்மன் மேதை, காண்டாமிருகத்தைக் கண்ணால் பார்க்காமலே மரச்செதுக்கில் கொண்டுவந்திருந்தார். உடம்பு முழுக்கக் கவசத் தகடு, தோளில் இல்லாத ஒரு குட்டிக் கொம்பு! ஐரோப்பா 250 வருடத்துக்கு மேல் அதையே நகல் எடுத்து நகல் எடுத்து நம்பிக்கொண்டிருந்தது. ஸ்டப்ஸ் லண்டனில் காட்சிக்கு வந்த உயிருள்ள காண்டாமிருகத்தின் முன்னால் போய் நின்றார். கவசம் கழன்று விழுந்தது. மடிந்து தொங்கும் தடித்த தோலும், கொஞ்சம் சோர்ந்த கண்ணும் படத்தில் வந்தன.

கண்ணுக்கு எட்டாத இரண்டு

இத்தனை பெருமை பேசினால் போதுமா? சறுக்கிய இடத்தையும் பார்த்துவிட வேண்டாமா! எனக்கு இந்தப் பகுதிதான் ரொம்பச் சுவாரசியம்.

கேப்டன் குக்கின் கப்பலில் போன ஜோசப் பேங்க்ஸ், 1771-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து திரும்பியதும் ஒரு கங்காரு படம் கேட்டார். கங்காரு எங்கே? உயிரோடு இல்லை, கிடைத்தது தோல்தான்! ஸ்டப்ஸ் அந்தத் தோலுக்குள் எதையோ நிரப்பி உப்பவைத்து, பயணத்தில் எடுத்த கோட்டுப் படங்களைத் துணைக்கு வைத்துக்கொண்டு வரைந்தார். ஐரோப்பாவில் கங்காருவின் முதல் எண்ணெய் வண்ண ஓவியம் அது. 1773-ல் கண்காட்சிக்கு வந்தது. அச்சிலும் ஏறி, பல காலத்துக்குக் கங்காரு என்றால் ஐரோப்பியர்களுக்கு இதுதான். பார்த்தால் என்ன தோன்றுகிறது? பெருச்சாளிக்கும் முயலுக்கும் நடுவில் ஏதோ ஒன்று, திரும்பிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது! மோசமில்லை. ஆனால் விசில்ஜாக்கெட்டின் வயிற்றில் ஓடிய அந்த நரம்பு இதில் எங்கேயும் இல்லை. தோல் இருந்தது, உள்ளே இருந்த மிருகத்தை அவர் கை தொட்டதில்லை. ஓவியம் அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது. இப்போது கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்தில், 2013-லிருந்து, டிங்கோ நாய் ஓவியத்தோடு ஜோடியாக இருக்கிறது.

இரண்டாவது சறுக்கல் இதைவிடப் பெரிய வேடிக்கை. குதிரை ஓடுவது! ஸ்டப்ஸின் பந்தயக் குதிரைகள் நான்கு கால் பாய்ச்சலில் முன்னங்கால்களை முன்னால் நீட்டி, பின்னங்கால்களைப் பின்னால் நீட்டி, வயிறு தரையோடு பறக்கும். அந்தக் காலத்தில் எல்லாருமே அப்படித்தான் வரைந்தார்கள். 1878-ல் மைப்ரிட்ஜ் என்ற புகைப்படக்காரர் கலிஃபோர்னியாவில் வரிசையாகக் கேமராக்களை வைத்து ஓடும் குதிரையைப் படம் பிடித்தார். குதிரை நான்கு காலும் தரையில் படாமல் பறப்பது உண்மைதான். ஆனால் அந்த நொடியில் கால்கள் நீண்டிருப்பதில்லை, வயிற்றுக்குக் கீழே மடங்கிக் கிடக்கின்றன!

குதிரையின் ஒவ்வொரு தசையையும் தொட்டுப் பார்த்தவருக்கே ஓட்டம் பிடிபடவில்லை. ஏன்? கொக்கியில் நிற்கும் குதிரை ஓடாது. ஓடும் குதிரையை மனிதக் கண்ணால் நிறுத்த முடியாது. அவருடைய அத்தனை வெற்றிக்கும் காரணமான கொள்கைதான் இந்தத் தோல்விக்கும் காரணம். தான் நேரில் பார்த்ததை அவர் போல் யாரும் வரையவில்லை. பார்க்க முடியாத இடம் வந்தபோது மட்டும், ஊரார் வரைந்ததையே அவரும் வரைந்தார். பிரதி எடுக்க மாட்டேன் என்று குருவைவிட்டுக் கிளம்பிய பையன், அந்த ஒரு விஷயத்தில் தெரியாமலே பிரதி எடுத்துவிட்டான்!

ராத்திரி பத்து மணிக்கு ஒரு புலி

எண்பதை நெருங்கும் வயதிலும் தினமும் பல மைல் நடக்கிற ஆள் ஸ்டப்ஸ். குடிப்பது தண்ணீர் மட்டும். அவருடைய வயதான காலத்தில் ஒரு ராத்திரி, பத்து மணி. படுக்கப்போகும்போது செய்தி வருகிறது: ஸ்ட்ராண்ட் தெருவில் பிட்காக் வைத்திருக்கும் மிருகக்காட்சியில் ஒரு புலி செத்துவிட்டது!

வேறு யாராக இருந்தாலும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று போர்வையை இழுத்துக்கொண்டிருப்பார்கள். நம் தாத்தா கோட்டை மாட்டிக்கொண்டு ஓடினார். மூன்று கினியைக் காவலாளி கையில் வைத்தார். புலி வீட்டுக்கு வந்துவிட்டது. விடிய விடிய அறுத்துக்கொண்டிருந்தார்! அக்கம்பக்கத்தார் பாடு என்னவோ.

எதற்கு இவ்வளவு அவசரம்? 1795-ல், எழுபது வயது கடந்தபின், அவர் புதிதாக ஒரு வேலையைத் தொடங்கியிருந்தார். மனிதன், புலி, கோழி, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எலும்பு எலும்பாக, அடுக்கு அடுக்காக ஒப்பிட்டு வரைவது. ஒப்பிட வசதியாக, ஒரு படத்தில் மனித எலும்புக்கூட்டை நான்கு காலில் தவழவே வைத்திருக்கிறார். பார்த்தால் சிரிப்பும் வரும், திக்கென்றும் இருக்கும்! 1806-ல் 81 வயதில் இறக்கும்போது அந்த வேலை முடியவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட அந்தக் கோட்டோவியங்கள் எங்கெங்கோ கைமாறி, 1957-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் வோர்செஸ்டர் ஊர்ப் பொது நூலகத்தில் கிடைத்தன. இப்போது யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன.

அதில் நான் சொக்கிப்போனது கோழியைப் பார்த்துத்தான். ஐயா, அரசரின் சிவிங்கிப்புலியை வரைந்தாயிற்று, லட்சங்களில் பந்தயம் ஓடும் குதிரையை வரைந்தாயிற்று. கடைசியில் உட்கார்ந்தது கூடைக்கு அடியில் கிடக்கும் ஒரு சாதாரணக் கோழியின் முன்னால்! அதன் தொடையெலும்பையும் கணுவையும் புலிக்குக் கொடுத்த அதே மரியாதையோடு வரைந்திருக்கிறார். எல்லாரும் பார்த்த மிருகத்தை எவனும் பார்க்கவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை வரிசையில் நிற்கும்போது, மொபைலைப் பைக்குள் வைத்துவிட்டு, கடைக்காரர் தொடையை உடம்பிலிருந்து பிரிக்கிற அந்த மூட்டைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பின்னால் நிற்பவர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். பார்க்கட்டும்! ஸ்டப்ஸையும் ஊர் அப்படித்தான் பார்த்தது.